வசைச்சொல்லும் சபை முறையும்

வசை வேறு, குற்றச்சாட்டு வேறு. ஒருவரை இகழ்ந்துரைப்பது வசை. அவர் செய்த செயலைச் சுட்டி விடை கேட்பது குற்றச்சாட்டு. பொதுவாழ்விலே இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. வசை பேசுவோர் தாம் உண்மையையே உரைப்பதாகக் கூறுவர். குற்றஞ் சாட்டப்பட்டோரோ தாம் அவமதிக்கப்பட்டதாகக் கூறி, விடை பகராது ஒதுங்குவர். இவ்விரு தீங்குகளையும் தவிர்ப்பதற்குப் பிரித்தானியப் பொதுமக்கள் சபை நெடுங்காலப் பழக்கத்தினால் சில முறைகளை வகுத்துள்ளது. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் 1947 இல் அமைந்த இலங்கைப் பாராளுமன்றமும் அச்சபையின் வழக்காறுகளைப் பெரிதும் தழுவியதாதலின், அவற்றை அறிந்துகொள்வது இந்நாட்டு மக்களுக்கும் பயனுடையதாகும்.

அச்சபையில் அங்கத்தவர் ஒருவர் மற்றொருவரை நோக்கி ‘நீர்’ என்று நேராகப் பேசுதல் ஆகாது. பேச்செல்லாம் சபாநாயகரை நோக்கியே நிகழ்தல் வேண்டும். பிறரைப் பெயர் சொல்லி அழையாது, இன்ன தொகுதியின் கௌரவ அங்கத்தவர் என்றே குறிப்பிடுவர். இது வெறும் உபசாரமன்று. சினங் கொண்ட சொல் எதிராளியை நேரே சென்று தாக்காது, நடுவர் ஒருவரின் வழியாகச் செல்லும்போது அதன் வேகம் தணிகின்றது.

சபைக்கு ஒவ்வாத சொல் எழுமாயின், அதனை மீட்டுக்கொள்ளும்படி சபாநாயகர் பணிப்பார். மீட்டுக்கொண்டால் விவாதம் தொடரும். மறுத்தால் அங்கத்தவர் வெளியேற வேண்டியதே. 2016 ஏப்ரலில், அன்றைய பிரதம மந்திரி டேவிட் கமரூனின் பெயரோடு, நேர்மையற்றவர் என்னும் பொருள்படும் அடைமொழி ஒன்றைச் சேர்த்துரைத்தார் டெனிஸ் ஸ்கின்னர். அதனை மீட்க மறுத்தமையால், அன்றைய அமர்வு முடியும்வரை அவர் வெளியேற்றப்பட்டார். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. புண்பட்டவர் தாமே நீதிபதியாவதில்லை. எச்சொல் வரம்பு கடந்தது என்பதைச் சபாநாயகரே தீர்மானிக்கின்றார். கமரூன் சினந்தாரா, நகைத்தாரா என்பது பொருட்டன்று.

ஆயினும் இம்முறைக்கு எதிராக வலிய கேள்வியொன்று எழுகின்றது. ஓர் அங்கத்தவரைப் பொய்யர் என்பதும் விலக்கப்பட்ட வசையே. அவர் உண்மையிலேயே பொய்யுரைத்திருந்தால் என் செய்வது? 2021 யூலையில், பிரதம மந்திரி பொரிஸ் ஜோன்சன் சபைக்கும் நாட்டுக்கும் மீண்டும் மீண்டும் பொய்யுரைத்தார் என்று கூறிய டோன் பட்லர் வெளியேற்றப்பட்டார். குற்றஞ் சாட்டியவர் வெளியே செல்ல, சாட்டப்பட்டவர் பதவியில் நிலைத்திருந்தார். சபை மரியாதை வலியோரின் கேடயமாகிவிட்டது என்று மனங் கசப்போர் இருப்பின் அது வியப்பன்று.

பட்லர் சுட்டிய விடயங்கள் வேறாயினும், இக்கேள்விக்கு விடை பின்னர் எழுந்த மற்றொரு விசாரணையிற் கிடைத்தது. கொரோனாத் தொற்றுக் காலத்தில், கட்டுப்பாடுகளை மீறிப் பிரதம மந்திரியின் அலுவலகத்தில் நிகழ்ந்த ஒன்றுகூடல்கள் பற்றி ஜோன்சன் சபையிற் கூறியவற்றை ஆராயும் பொறுப்பு, 2022 ஏப்ரலில் சிறப்புரிமைக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழு பேர் கொண்ட அக்குழுவில் நால்வர் அவருடைய கட்சியினரே. 2023 மார்ச்சில் அவர் சத்தியஞ் செய்து சாட்சியமளித்தார். அவர் வேண்டுமென்றே சபையைத் தவறான வழியில் இட்டுச் சென்றார் என்று அக்குழு 2023 யூனில் அறிக்கையிட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே தாம் அங்கத்தவர் பதவியைத் துறப்பதாக அவர் அறிவித்திருந்தார். 354 பேர் ஆதரவாகவும் 7 பேர் எதிராகவும் வாக்களிக்க, சபை அவ்வறிக்கையை ஏற்றுக்கொண்டது.

ஒரு நொடியில் வீசப்பட்ட சொல்லால் ஆகாதது, பொறுமையுடன் திரட்டிய சான்றால் ஆயிற்று. ஆதலின் வசையைத் தடுக்கும் சபை, குற்றச்சாட்டுக்குரிய வழியையும் திறந்து வைத்தல் வேண்டும். அவ்வழியை அடைத்துவிட்டு மரியாதையை மட்டும் வலியுறுத்துமாயின், அம்மரியாதை ஆள்வோருக்கு அரணாக முடியும். வழி திறந்திருக்கவும் வசையையே நாடுவோர், விடையிறுக்க வேண்டியவர் தப்பிச் செல்வதற்கு ஒரு காரணத்தைத் தாமே தேடிக் கொடுத்தவராவர்.