விருந்து முடிந்த மறுநாள்

உலகக் கிண்ணத்துக்காக மொரோக்கோ கட்டும் அரங்குகளும் தாய்மாரின் கேள்வியும்

உதைபந்தாட்டம் ஆண்பிள்ளைகளின் விஷயம் என்று ஒதுங்கிக் கொள்ளும் சகோதரிகள்கூட, 2022ஆம் ஆண்டு கட்டாரில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது தொலைக்காட்சியின் முன் சற்று நின்றிருப்பார்கள். பெல்ஜியத்தை வென்ற அன்று மொரோக்கோ வீரர் அஷ்ரப் ஹக்கீமி பார்வையாளர் பகுதிக்கு ஓடிச் சென்று தன் உம்மாவைக் கட்டியணைத்தார். ஸ்பெயினில் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளையை வளர்த்த தாய் அவர். போர்த்துக்கலை வென்ற அன்று சுபியான் பூபால் தன் தாயை மைதானத்துக்குள்ளேயே அழைத்து வந்து ஆடிக் களித்தார். மொரோக்கோ அரையிறுதி வரை சென்றது. ஆபிரிக்க நாடுகளிலும் அரபு நாடுகளிலும் அந்த இடத்தை அடைந்த முதல் நாடு அதுதான்.

தாய்மாரை இப்படிக் கௌரவித்த அந்த நாட்டிலேயே, மூன்று வருடங்களுக்குள் தாய்மாரின் பெயரால் இளைஞர்கள் வீதியில் இறங்கினார்கள். ஏன்?

ஐந்து முறை தட்டிய கதவு

உலகக் கிண்ணப் போட்டியைத் தன் மண்ணில் நடத்த வேண்டும் என்பது மொரோக்கோவின் நெடுநாள் ஆசை. 1994ஆம் ஆண்டுப் போட்டிக்காகக் கேட்டது, அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள். 1998க்குக் கேட்டது, பிரான்ஸ் பெற்றது. 2006 ஜேர்மனிக்குப் போனது. 2010க்கான வாக்கெடுப்பில் தென்னாபிரிக்கா 14 வாக்குகள் பெற, மொரோக்கோ 10 வாக்குகளோடு தோற்றது. 2026க்காக 2018இல் நடந்த வாக்கெடுப்பிலும் தோல்வியே. ஐந்து முறை தட்டியும் கதவு திறக்கவில்லை.

ஆறாவது முறை ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் கூட்டுச் சேர்த்துக் கொண்டு கேட்டது. 2024 டிசம்பர் 11ஆம் திகதி கதவு திறந்தது. 2030ஆம் ஆண்டுப் போட்டி இம்மூன்று நாடுகளுக்கும் கிடைத்தது. கசபிளங்கா, ரபாத், டான்ஜியர், பெஸ், மராகிஷ், அகாதிர் ஆகிய ஆறும் மொரோக்கோவின் சார்பில் முன்வைக்கப்பட்ட நகரங்கள்.

கூடாரம் போன்ற அரங்கு

ஒரு நகரம் இப்போட்டியைக் கேட்பதென்றால் ஆசை மட்டும் போதாது. ஆரம்ப ஆட்டங்களுக்கே 40,000 பேர் அமரக்கூடிய அரங்கு வேண்டும். இறுதியாட்டத்துக்கு 80,000 ஆசனங்கள் வேண்டும். இறுதியாட்டம் தமக்கே கிடைக்க வேண்டும் என்று மட்ரிட்டும் கசபிளங்காவும் முந்திக்கொண்டு நின்றதற்கும் அரங்கின் அளவே அடிப்படை.

அதற்காகவே கசபிளங்காவுக்கு அண்மையில் பென்ஸ்லிமான் மாகாணத்தில் ஒரு இலட்சத்து 15 ஆயிரம் பேர் அமரக்கூடிய அரங்கை மொரோக்கோ கட்டத் தொடங்கியது. திருவிழாக் காலங்களில் அந்நாட்டவர் அடிக்கும் பெரிய கூடாரத்தைப் போன்றது அதன் கூரை. செலவு சுமார் 500 கோடி திர்ஹம் என்று மதிப்பிடப்பட்டது. ரபாத்தில் பழைய அரங்கை இடித்துவிட்டுக் கட்டிய புதிய அரங்கு 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒளிபரப்பு உரிமைப் பணமும் பெரிய விளம்பரப் பணமும் பெரும்பாலும் போட்டியை நடத்தும் உலக சம்மேளனத்துக்கே போகின்றன. அரங்கு, வீதி, பாதுகாப்பு ஆகிய செலவுகளோ உள்ளூர்க்காரர் தலையில் விழுகின்றன. ஆட்டங்கள் சில வாரங்களில் முடிந்துவிடும். அரங்கைப் பராமரிக்கும் செலவு முடிவதில்லை.

அகாதிரில் கேட்ட குரல்

2025ஆம் ஆண்டு, அந்த ஆறு நகரங்களில் ஒன்றான அகாதிரின் அரச வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற எட்டுத் தாய்மார் இறந்தார்கள் என்ற செய்தி வந்தது. நாடே கொதித்தது. செப்டம்பர் 27ஆம் திகதி முதல் பல நகரங்களில் இளைஞர்கள் திரண்டார்கள். அரங்குகள் இதோ இருக்கின்றன, வைத்தியசாலைகள் எங்கே என்பதே அவர்கள் ஏந்திய பதாகைகளின் கேள்வி. அகாதிருக்கு அருகில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தது பெரும் துயரம்.

அதே அகாதிரில் 2013 முதல் 45,000 பேர் அமரக்கூடிய அரங்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. போட்டியை முன்னிட்டு மராகிஷ் வரை அதிவேக ரயில் பாதை போடப்படுகிறது. 2024இல் மட்டும் ஒரு கோடியே 74 இலட்சம் உல்லாசப் பயணிகள் அந்நாட்டுக்கு வந்தார்கள். விருந்தாளி வரும் வீட்டுக்கு நல்ல பாதை வேண்டாமா? குரலுக்குச் செவிசாய்த்தும் இருக்கிறார்கள். 2025 அக்டோபரில், அடுத்த வருடத்துக்குச் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் 14,000 கோடி திர்ஹம் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பு வருமுன் எட்டுத் தாய்மார் போய்விட்டார்கள்.

பட்டுத் தெளிந்தவர்கள்

கூட்டாளியான போர்த்துக்கலின் கதையும் இங்கே பொருந்தும். 2004இல் ஐரோப்பியக் கிண்ணத்துக்காக அந்த நாடு பத்து அரங்குகளை ஆயத்தம் செய்தது. லெய்ரியா, அவெய்ரோ போன்ற சிறு நகரங்களும் பெரிய அரங்கு கட்டின. ஒவ்வொன்றிலும் நடந்தவை இரண்டே ஆட்டங்கள்! அதன்பின் வெறும் ஆசனங்களோடு கடனையும் பராமரிப்புச் செலவையும் பல வருடங்கள் சுமந்தார்கள். 2030க்குப் போர்த்துக்கல் கொடுக்க முன்வந்தது லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் ஏற்கனவே உள்ள மூன்று அரங்குகளை மட்டுமே.

ஸ்பெயினின் மாலகா நகரம் 2025 ஜூலையில் தானாகவே பட்டியலிலிருந்து விலகிக் கொண்டது. அரங்கைப் பெருப்பிக்கும் காலத்தில் ஊர்க் கழகம் வேறு சிறிய இடத்தில் ஆட வேண்டிவரும், வழமையாக வரும் ரசிகர்கள் பலருக்கு இடம் கிடைக்காது என்பது காரணம். வரப்போகும் விருந்தாளிக்காக வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை.

சகோதரிகளே, கல்யாண வீட்டில் எத்தனை சஹன் வைத்தார்கள் என்பதை ஊர் பேசும். மறுநாள் சட்டி பானை கழுவும்போது, கடைக்காரனுக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்ப்பவள் வீட்டுக்காரிதான். விருந்து கொடுப்பது கௌரவம். அதை யாரும் மறுக்கவில்லை. அந்தக் கௌரவத்துக்காக வீட்டிலுள்ள நோயாளியின் மருந்துக் காசில் கை வைக்கலாமா என்பதே கேள்வி.

2030இல் உங்கள் பிள்ளைகளும் இந்த ஆட்டங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்கட்டும், மகிழட்டும். தன் உம்மாவை முத்தமிட்ட ஹக்கீமியின் கதையை அப்போது அவர்களுக்குச் சொல்லுங்கள். அகாதிரில் வீடு திரும்பாத தாய்மாரின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.