வெள்ளம் வடியும் வழி

கார்த்திகை, மார்கழி வந்தால் எங்கள் மாவட்டத்தில் இரண்டு பேச்சுக்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "வான் கதவு திறந்தாச்சாம்". மற்றது, "உங்க பக்கம் நிவாரணம் குடுத்தாங்களா?" இவற்றுக்கு இடையே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. வந்த தண்ணீர் ஏன் வடியவில்லை? வெள்ளம் வருவதை நாம் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் அது எத்தனை நாள் நம் முற்றத்தில் நிற்கும் என்பதில் நமக்கும் பங்கு உண்டு. அதனை விளங்கிக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உயர்தர மாணவி என்ற வகையில் எனக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. 2024ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே மழை வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் நம் பரீட்சைக் காலமும் வடகீழ்ப் பருவமழைக் காலமும் ஒன்றாகவே வந்தன. எனவே வடிகான் என்பது வாப்பாமார் கூட்டத்தில் பேசும் விடயம் மட்டுமல்ல, எங்கள் விடயமும்தான்.

மூன்று வகைத் தண்ணீர்

திருகோணமலை மாவட்டத்துக்கு வெள்ளம் மூன்று வழிகளில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, தூரத்திலிருந்து வரும் ஆற்று வெள்ளம். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமானது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழைநீரை அது சுமந்து வருகிறது. அந்த நீர் கடலைச் சேரும் இடம் மூதூருக்கு அருகிலுள்ள கொட்டியாரக் குடா. ஆற்றின் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து தெற்கே கடலில் விழுகிறது. ஆகவே மூதூர், வெருகல், சேருவில, கிண்ணியா மக்கள் தம் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெய்த மழையும் அவர்களின் வாசலுக்கு வரும். ஆனால் அது உடனே வந்துவிடுவதில்லை. பொலன்னறுவை மாவட்டத்தின் மன்னம்பிட்டியில் ஆற்றுமட்டம் உயர்கிறது என்று வானொலி சொன்னால், கீழே இருப்பவர்களுக்கு ஆயத்தமாகச் சிறிது நேரம் கிடைக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையின்போது மாவிலாற்று அணைக்கட்டுப் பகுதி உடைப்பெடுத்து, சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்ததை நாம் அனைவரும் அறிவோம்.

இரண்டாவது, குளத்து வெள்ளம். கந்தளாய்க் குளத்தின் நீர்தான் தம்பலகாமம் வரை வயல்களைப் பச்சையாக வைத்திருக்கிறது. குளம் நிரம்பியதும் வான் கதவுகளைத் திறக்கிறார்கள். "கதவைத் திறந்து எங்களைத் தாழ்த்திட்டாங்க" என்று கீழே உள்ளவர்கள் கோபப்படுவதுண்டு. கோபம் நியாயமானதுதான். ஆனால் திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். குளக்கட்டு மண்ணால் ஆனது. நீர் கட்டின் மேலால் வழிந்தால் மண் அரித்துப்போய்க் கட்டே உடைந்துவிடும். கட்டு உடைந்தால் வரும் அழிவு எப்படிப்பட்டது என்பதை நம் மாவட்டம் பட்டு அறிந்திருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில், மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஆகவே கதவு திறப்பதைக் குறை சொல்வதைவிட, திறப்பதற்கு முன் அறிவித்தார்களா, திறந்த நீர் போக வழி துப்புரவாக இருக்கிறதா என்று கேட்பதே பயன் தரும்.

மூன்றாவது, நம் தலைக்கு மேல் பெய்யும் மழை. திருகோணமலை–கண்டி வீதியில் இருக்கும் கப்பல்துறை போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் இதுவே பிரச்சினை. இங்கே ஆறு பெருகுவதில்லை. வளவுக்குள் விழுந்த நீர் வெளியே போக முடியாமல் நிற்கிறது.

ஒரு சிறு கணக்கு

20 பேர்ச் காணியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 506 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் காணியில் மட்டும் விழும் நீர் 50,000 லீற்றருக்கும் மேல். வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கிகள் ஐம்பதை நிரப்பப் போதுமான நீர் அது. மணல் நிலமாக இருந்தால் ஒரு பகுதியை நிலம் குடித்துவிடும். தொடர்ந்து பல நாள் மழை பெய்து நிலம் ஊறிவிட்டாலோ, முற்றத்துக்குச் சீமெந்து போட்டுவிட்டாலோ, அத்தனை நீரும் வீதிக்கு வந்துவிடும். ஒரு தெருவில் இப்படி நாற்பது காணிகள் இருந்தால் எத்தனை தாங்கி நீர் ஒரே வடிகானைத் தேடி வரும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த வடிகானையும், வீதிக்குக் கீழால் நீரைக் கடத்தும் மதகையும் பாருங்கள். குழாய் பாதி மண்ணால் நிரம்பியிருந்தால் பாதி நீராவது போகும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதுகூடப் போகாது. மண் படிந்த அடியிலும் பக்கச் சுவரிலும் உரசி நீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீர் தான் கொண்டுவந்த மண்ணை அங்கேயே போடுகிறது. அடுத்த மழைக்குக் குழாய் இன்னும் அடைபடுகிறது. இதனுடன் ஷொப்பிங் பேக்கும் பிளாஸ்டிக் போத்தலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

கீழிருந்து மேலே

வடிகால் துப்புரவு செய்வதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். நாம் நம் வீட்டு முன்னால் மட்டும் பெக்கோ இயந்திரம் கொண்டு ஆழமாக வெட்டினால், நம் தண்ணீர் வேகமாகப் போய்க் கீழ்த் தெருவில் இருப்பவர்களின் அடுப்படிக்குள் ஏறும். நம் பிரச்சினை தீரவில்லை, அயலவரின் வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது.

கடற்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் சிற்றாறுகளின் முகத்துவாரங்களைக் கடல் மணல்மேடு போட்டு மூடிவிடுகிறது. மழை தொடங்கும்போது அதை உரிய நேரத்தில் வெட்டிவிட வேண்டும். மேலும் மழை மாதங்களில்தான் வடகீழ்க் காற்றும் கடலைக் கரைப்பக்கம் தள்ளுகிறது. அதனால் நீர் வழமையைவிட மெதுவாகவே வடியும். தாழ்ந்த நிலங்களும் கண்டல் காடுகளும் அந்த நேரத்தில் நீரைத் தாங்கி வைத்திருக்கும் பாத்திரங்கள். அவற்றை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினால், அந்தப் பாத்திரத்திலிருந்த நீர் வேறு யாரோ ஒருவரின் வீட்டைத் தேடிப் போகும்.

நெதர்லாந்து நாட்டவர் அணை கட்டுவதில் உலகப் பெயர் பெற்றவர்கள். 1993இலும் 1995இலும் அங்கே ஆறுகள் பெருகி, 1995இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அதன்பின் அவர்கள் அணையை உயர்த்திக்கொண்டே போவதோடு நிற்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கட்டுகளைப் பின்னால் தள்ளியும் ஆற்றுப்படுகையை ஆழமாக்கியும் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். நம் முன்னோர் ஒரு குளத்தின் மிகுதி நீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி தொடர்குளங்கள் அமைத்ததும் இதே எண்ணத்தில்தான்.

யாரிடம் கேட்பது?

பெற்றோர் பலருக்கு இதுதான் குழப்பம். "கண்டி வீதி" போன்ற பிரதான வீதிகளின் மதகுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. உள்வீதிகளின் வடிகான்கள் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ உரியவை. பெரிய குளங்களும் ஆற்று அணைகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் விவசாய அமைப்புகளுடன் சேர்ந்து பார்க்கிறது. ஒரே ஓடை இந்த நான்கு பேரின் எல்லைகளையும் கடந்து ஓடுகிறது. நீருக்கு எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். எனவே ஓர் அலுவலகத்துக்கு மட்டும் கடிதம் எழுதாமல், பிரதேச செயலாளரின் முன்னிலையில் அனைவரையும் ஒன்றாக அமர வைக்கும்படி கேட்பதே சரி. அதற்கான காலம் ஆவணி, புரட்டாதி. மார்கழியில் எழுதும் கடிதத்துக்கு உலர் உணவுப் பொதிதான் பதிலாகக் கிடைக்கும்.

நிவாரணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசித்தவருக்குச் சோறு உடனே வேண்டும். பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் சமைத்த உணவு கொடுப்பவர்களுக்கு அல்லாஹ் அருள் புரியட்டும். ஆனால் நிவாரணப் பட்டியலில் அரிசி, பருப்பு, சீனி இருக்கும்போது பெண்களுக்கான சுகாதாரத் துவாய்கள் விடுபட்டுப் போகின்றன. முகாமில் மறைவான குளியலிடமும் வெளிச்சமுள்ள மலசலகூடமும் இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கேட்க வெட்கப்படுவதால்தான் இவை கிடைப்பதில்லை. பட்டியல் எழுதும் குழுவில் இரண்டு பெண்கள் இருந்தால் இக்குறை தீரும்.

நாம் செய்யக்கூடியவை

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை அனுமதி அட்டை ஆகியவற்றை ஒரு பொலித்தீன் உறையில் கட்டி உயரத்தில் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் மனனமாக்குங்கள்.

வீதியைக் குறுக்கறுத்து ஓடும் நீரில் இறங்காதீர்கள். ஒரு அடி ஆழமுள்ள ஓடும் நீர் சிறிய காரை மிதக்க வைக்கும். இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த பிள்ளைகள் அவர்கள். நம் தம்பிமாரின் வயதுதான். அவர்களை நினைக்கும்போதெல்லாம், "கொஞ்சத் தண்ணிதானே, போயிடலாம்" என்று யாரேனும் சொன்னால் மறுத்து நிற்கும் துணிவு நமக்கு வர வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐப்பசியின் முதல் பெருமழை ஓய்ந்ததும் குடையுடன் உங்கள் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். நீர் எங்கே நிற்கிறது, எந்த மதகில் சுழல்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து, திகதி போட்டு, கிராம சேவகரிடமும் பிரதேச சபை உறுப்பினரிடமும் கொடுங்கள். புவியியல் பாடத்தில் வரைபடம் கீறப் பழகிய நாம் இதையும் கீறலாம். வருடந்தோறும் பத்து மாணவிகள் பத்துத் தெருக்களை வரைந்தால், எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை என எவரும் சொல்ல முடியாது.