டூமுக்குக் குரல் கொடுத்த அட்டை

1993 டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ கணினி விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? செவ்வாயின் நிலாக்களில் அரக்கர்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். துப்பாக்கி வெடிக்கும், அரக்கன் உறுமும், பின்னணியில் இசை அதிரும். பலர் வீட்டில் அந்தச் சத்தம் வந்தது, நம் ஜொகூர் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சரக்கிலிருந்து! சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டையை வெளியிட்டது. அதற்குமுன் ஐபிஎம் வகைக் கணினிகள் பெரும்பாலும் ‘பீப்’ என்றுதான் கத்தும். ஜாய்ஸ்டிக் செருகும் இடத்தையும் அதே அட்டையில் வைத்தார்கள், கெட்டிக்கார வியாபாரம்! ஒலி அட்டை இல்லாத கணினியிலும் டூம் ஓடியது. இசைதான் கிடையாது. அரக்கன்கூட ‘பீப்’ என்றுதான் உறுமினான்.