ராஜா வந்தால்தான் தண்ணீர்!

விடுமுறையில் பாரீஸ் நகரைப் பார்க்கப் போகிறவர்களில் பலர், அப்படியே ரெயில் ஏறி வெர்சேல்சுக்கும் போய் வருகிறார்கள். சுமார் 20 கிலோ மீட்டர் தூரம்தான்.

அரண்மனையைச் சுற்றி முடிக்கவே கால் வலிக்கும். அதன் பின்புறம் வந்து நின்றாலோ, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தோட்டம்! பூப்பாத்திகள், வரிசை பிசகாமல் வெட்டிவிட்ட மரங்கள், பளிங்குச் சிலைகள். கோடியில், ஒன்றரை கிலோ மீட்டருக்கு மேல் நீளமான கால்வாய். அதில் வாடகைப் படகு ஓட்டலாம்.

ஆனால், விவரம் தெரியாமல் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பேர் போன நீரூற்றுகள் சும்மா நிற்கும்! ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, முக்கியமாக சனி, ஞாயிறுகளில்தான் அவற்றை ஓட விடுகிறார்கள். அதற்குக் கட்டணமும் உண்டு.

இது இன்று வந்த வழக்கம் அல்ல. தோட்டம் போட்ட மன்னர் காலத்திலேயே இந்தக் கதைதான்.

விசில் சத்தம்

அந்த மன்னர் 14-ம் லூயி. அவருடைய தந்தை வேட்டைக்கு வந்தால் தங்குவதற்காகக் கட்டிய வீடு அங்கே இருந்தது. அதைச் சுற்றிப் பெரிய தோட்டம் போடும் வேலை 1661-ம் ஆண்டில் தொடங்கியது. பொறுப்பு ஏற்றவர் லெ நோத்ரு. பரம்பரைத் தோட்டக்காரர்.

நீரூற்றுகள் பெருகின. தண்ணீர் பெருகவில்லை! பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. எல்லா ஊற்றுகளையும் சேர்த்துத் திறந்தால், தேக்கி வைத்த தண்ணீர் தீர்ந்துவிடும்.

ஆகவே, ஒரு தந்திரம் செய்தார்கள். மன்னர் உலாவ வருவார். ஊழியர் விசில் ஊதுவார். உடனே அடுத்த ஊற்று திறக்கப்படும். மன்னர் தாண்டிப் போனதும் மூடிவிடுவார்கள்!

மன்னருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று, தோட்டத்தைச் சுற்றும் முறையைக் குறிப்பாக எழுதி வைத்தவரே அவர்தான்.

30 ஆயிரம் வீரர்கள்

செய்ன் நதியில் 14 ராட்சதச் சக்கரங்களை நிறுவினார்கள். 1684-ல் அவை ஓடத் தொடங்கின. ஆற்றின் வேகத்தில் சக்கரம் சுற்றும். 200-க்கு மேற்பட்ட பம்புகள் தண்ணீரைக் குன்றின் மேல் ஏற்றும். காது செவிடாகும் இரைச்சல்! அப்போதும் தண்ணீர் போதவில்லை.

மறு ஆண்டே இன்னொரு திட்டம். யூர் நதியிலிருந்து சுமார் 80 கிலோ மீட்டர் தூரம் கால்வாய் வெட்டுவது! சுமார் 30 ஆயிரம் ராணுவ வீரர்கள் மண் வெட்டினார்கள். காய்ச்சல் பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்து மடிந்தார்கள். அதற்குள் 1688-ல் போர் வந்துவிட்டது. வேலை நின்றது.

யூர் நதித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெர்சேல்சுக்கு வந்து சேரவில்லை. பாதியில் நின்ற கல் வளைவுகளை மேந்தனோன் என்ற ஊரில் இன்றும் பார்க்கலாம்.

தவளை மனிதர்கள்

தோட்டத்தில் குழந்தைகளுக்குப் பிடித்தது, லத்தோனா நீரூற்று. பழைய ரோமாபுரிக் கதை ஒன்றைச் சிலையாக வடித்திருக்கிறார்கள். லத்தோனா, இரண்டு கைக்குழந்தைகளோடு தாகத்தால் தவித்து ஒரு குளத்துக்கு வந்தாள். ஊரார் அவளைக் குடிக்க விடாமல், தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கலக்கினார்கள். அவள் சாபத்தால் தவளைகளாகிப் போனார்கள்!

மனித உடம்பும் தவளைத் தலையுமாகச் சிலர். முழுத் தவளையாகவே சிலர். ஊற்றைத் திறந்துவிடும் நாளில், அத்தனை பேர் வாயிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது.