முதுகு வலியோடு மீண்டும் மிதிவண்டி: அச்சத்தை விடுவோம், அளவை அறிவோம்

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வருகிறார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அம்மாவட்டத்துக் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் கற்றுத் தந்தபோது, கற்றுக்கொண்ட பல்லாயிரம் பெண்களுள் அவரும் ஒருவர். அன்று முதல் கடைக்கும் வங்கிக்கும் வயலுக்கும் சைக்கிளிலேயே சென்று வந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கீழ்முதுகில் வலி தொடங்கியது. எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. “டிஸ்க் பல்ஜ்” என்று அறிக்கை வந்தது. “இனி சைக்கிளைத் தொடவே கூடாது” என்று ஒரு மருத்துவர் கூறினார். அன்றே சைக்கிள் வீட்டின் பின்சுவரில் சாத்தப்பட்டது.

நான்கு ஆண்டுகள் ஆகியும் வலி குறையவில்லை. உடல் எடை கூடியிருக்கிறது. இரத்தச் சர்க்கரை ஏறியிருக்கிறது. ரேஷன் கடைக்குச் செல்வதானாலும் மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கிறார். “வலியைக்கூடத் தாங்கிக்கொள்வேன் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் ஒருவரை எதிர்பார்த்து நிற்பதுதான் தாங்க முடியவில்லை” என்கிறார்.

இவர் ஒரு தனி நபர் அல்லர். எங்களிடம் வரும் பலருடைய அனுபவங்களைச் சேர்த்து ஒருவராக இங்கே கூறியிருக்கிறோம். அவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “இந்த முதுகை வைத்துக்கொண்டு நான் மறுபடியும் சைக்கிள் ஓட்டலாமா?” பெரும்பாலோருக்கு எங்கள் விடை, “ஓட்டலாம்” என்பதே. அது ஏன், எப்படி, எவருக்கு அவ்விடை பொருந்தாது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

வலி வேறு, காயம் வேறு

கையில் சூடு பட்டால் வலிக்கிறது. புண் ஆறியதும் வலி நீங்குகிறது. இது நாம் அனைவரும் அறிந்த வலி. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவத்தில் நாட்பட்ட வலி என்கிறோம். அதன் இயல்பு வேறு. தொடக்கத்தில் தசையிலோ தசைநாரிலோ ஏற்பட்ட சிறு காயம் இதற்குள் பெரும்பாலும் ஆறியிருக்கும். ஆனால் வலியை உணர்த்தும் நரம்பு மண்டலம் கூர்மை பெற்று, அந்நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஒருமுறை திருடன் புகுந்த வீட்டின் நாயை எண்ணிப் பாருங்கள். அதன்பின் தெருவில் தெரிந்தவர் நடந்து சென்றாலும் அது குரைக்கிறது. குரைப்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் திருடன் வந்திருக்கிறான் என்று பொருளில்லை.

வலி கற்பனை என்று நாங்கள் கூறவில்லை. வலி முற்றிலும் உண்மை. ஆயினும் வலிக்கும் ஒவ்வொரு முறையும் முதுகெலும்பு மேலும் கெடுகிறது என்ற எண்ணம் உண்மையன்று. கீழ்முதுகு வலியுள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு, ஒரு குறிப்பிட்ட நோயையோ உறுப்புக் கோளாற்றையோ காரணமாகச் சுட்டிக்காட்ட இயலாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அறிக்கையின் சொற்களைப் படிப்பது எப்படி?

“ஜவ்வு விலகிவிட்டது”, “எலும்பு தேய்ந்துவிட்டது” என்ற சொற்களைக் கேட்டதும், சற்றே குனிந்தாலும் முதுகு முறிந்துவிடும் என்ற அச்சம் மனத்தில் குடியேறுகிறது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைக் கொண்ட 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளியானது. வலியற்ற ஐம்பது வயதினரில் 80 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானமும், 60 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கமும் காணப்படும் என்று அது கணக்கிட்டது. இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்குத் தேய்மானம் இருந்தது. தலைமுடி நரைப்பதைப் போல, இவற்றில் பெரும்பகுதி வயதின் அடையாளம்.

ஸ்கேன் அறிக்கை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. நரம்பு அழுத்தம், எலும்பு முறிவு, கிருமித்தொற்று, கட்டி ஆகியவற்றை அதுவே காட்டுகிறது. நோயாளியின் உடலைச் சோதித்து, அதனோடு பொருத்திப் படிக்கும்போதுதான் அறிக்கை பொருள் தருகிறது. படத்தை மட்டும் பார்த்து, “குனியாதீர்கள், தூக்காதீர்கள், ஓட்டாதீர்கள்” என்று பல ஆண்டுகள் சொல்லி வந்ததில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. அசையாமல் இருந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் வலுவிழக்கின்றன. சிறு வேலைக்கே வலிக்கிறது. வலிப்பதால் அசைவு மேலும் குறைகிறது. இச்சுழலை உடைப்பதே சிகிச்சையின் முதற்பணி.

முதுகுக்கு மிதிவண்டி என்ன செய்கிறது?

நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, முறைப்படுத்தப்பட்ட உடற்பயிற்சியைச் சிகிச்சைகளுள் ஒன்றாகப் பரிந்துரைக்கிறது. எந்தப் பயிற்சியானாலும் தொடர்ந்து செய்தால்தான் பயன் தரும். ஏற்கெனவே பழகிய, விரும்பிச் செய்த, அன்றாட வேலைக்கும் உதவுகிற ஒன்றை மீண்டும் தொடர்வது எளிது. மிதிவண்டியில் உடலின் எடையை இருக்கை தாங்குவதால், ஓடும்போது ஏற்படும் அதிர்ச்சி முதுகுக்கும் மூட்டுகளுக்கும் இல்லை. தொடை, இடுப்புத் தசைகள் வலுப்பெறுகின்றன, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர உதவுகிறது, உறக்கமும் மேம்படும்.

ஆனால் எல்லா முதுகும் ஒன்றன்று. தண்டுவடக் குழாய் குறுகியவர்கள், பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்கள், சிறிது தூரம் நடந்ததும் கால்கள் மரத்துக் கனத்து நின்றுவிடுவார்கள். சற்றுக் குனிந்தோ உட்கார்ந்தோ இளைப்பாறினால் சரியாகிவிடும். இவர்களுள் பலர் சைக்கிளில் மட்டும் நெடுந்தூரம் செல்வார்கள். “நடக்க முடியாதாம், சைக்கிளில் மட்டும் போவாராம்” என்று வீட்டார் ஐயுறுவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் நடிக்கவில்லை. நிமிர்ந்து நடக்கும்போது குறுகும் குழாய், முன்புறம் சாய்ந்து அமரும்போது சற்று விரிகிறது. நரம்புகளின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. கால் வலி இரத்தக் குழாய் அடைப்பால் வருகிறதா, நரம்பு அழுத்தத்தால் வருகிறதா என்று பிரித்தறிய, மிதிவண்டியையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தும் முறை 1977இலேயே மருத்துவ இதழில் விளக்கப்பட்டது.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக் காலுக்கு வலி பாயும் நிலையில் இதற்கு நேர்மாறாக நிகழலாம். முன்புறம் குனிந்து அமர்வது வலியைத் தூண்டலாம். இவர்கள் கடும் வலி தணியும்வரை காத்திருந்து, பின்னர் நிமிர்ந்து அமரக்கூடிய சைக்கிளில் தொடங்குவது நன்று.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஏதேனும் ஒன்று இருந்தால், சைக்கிளைத் தொடுமுன் மருத்துவரைக் காணுங்கள்:

1. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், சிறுநீர் வராமல் தடைபடுதல், அல்லது சைக்கிள் இருக்கையில் படும் தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போதல். இது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.
2. கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடுதல். நடக்கும்போது பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுதல்.
3. காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், இரவில் உறங்கவிடாத வலி. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை மறந்துவிடக் கூடாது.
4. முன்னர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருத்தல்.
5. விழுந்த பின் தொடங்கிய வலி. எலும்பு அடர்த்திக் குறைவு. நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்ளுதல்.

இதய நோய், அடிக்கடி தலைச்சுற்றல், பாதம் மரத்த நீரிழிவு ஆகியவை உள்ளவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்க வேண்டும்.

உடலுக்கேற்ற சைக்கிள்

பல ஆண்டுகள் நின்ற சைக்கிளை அப்படியே எடுத்து ஓட்டாதீர்கள். பிரேக், டயர், செயின் ஆகியவற்றைக் கடையில் சரிபார்த்து, பின்வருவனவற்றையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கையின் உயரம்: அமர்ந்தபடி குதிகாலைப் பெடலின் மீது வைத்து, பெடலைக் கீழ்நிலைக்குக் கொண்டு வாருங்கள். முழங்கால் நேராக வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். இருக்கை மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். முதுகு ஒவ்வொரு மிதிக்கும் வளையும். தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும். கால் ஊன்றும் நம்பிக்கை வரும்வரை, முதல் சில நாள்கள் மட்டும் சற்றுத் தாழ்த்திக்கொள்ளலாம்.

இருக்கையின் சாய்வு: முன்முனை மேல்நோக்கி இருக்கக் கூடாது. மட்டமாகவோ, சிறிதளவு கீழ்நோக்கியோ இருக்கட்டும். இருக்கையின் முன்முனையைச் சற்றுத் தாழ்த்தியதால் சைக்கிள் ஓட்டிகள் பலருக்கு முதுகு வலி குறைந்ததாக 1999இல் ஓர் ஆய்வு வெளிவந்துள்ளது. ஒரு ஸ்பேனரால் செய்யக்கூடிய சிகிச்சை இது.

ஹேண்டில்பார்: இருக்கையின் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். முழங்கை சற்று மடங்கியபடி எட்ட வேண்டும். நம் ஊரின் பழைய வகைச் சைக்கிள்கள் இவ்வகையில் நல்லவை. பந்தயச் சைக்கிள்போல வளைந்த கைப்பிடி இப்போது வேண்டா.

ஏறி இறங்குதல்: குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளில் பழகிய பெண்கள் பலர் உண்டு. ஐம்பது வயதில், வலியுள்ள முதுகோடு காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது கடினம். கம்பி தாழ்ந்த சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சற்று உங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்து ஏறுங்கள். குடத்தையும் அரிசி மூட்டையையும் கேரியரில் ஏற்றுவதைச் சில மாதங்களுக்குத் தள்ளிப் போடுங்கள். தலைக்கவசம் அணியுங்கள்.

தூரத்தை அன்று, நிமிடங்களை எண்ணுங்கள்

திரும்பத் தொடங்குவோர் செய்யும் பெரும் தவறு ஒன்றுண்டு. வலி குறைந்த ஒரு நாளில் பழைய நினைவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிடுவார்கள். அடுத்த நான்கு நாள் படுக்கையில் இருப்பார்கள். “இது எனக்கு ஒத்துவராது” என்று கைவிடுவார்கள். எனவே அளவை அன்றைய வலி முடிவு செய்யக் கூடாது. முன்பே வகுத்த திட்டம் முடிவு செய்ய வேண்டும்.

சமதளமான, போக்குவரத்துக் குறைந்த சாலையில், மறுநாள் வலி கூடாமல் எத்தனை நிமிடம் ஓட்ட முடிகிறது என்று இரண்டு மூன்று முறை பாருங்கள். பத்து நிமிடம் என்றால், ஏழு நிமிடத்தில் தொடங்குங்கள். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு இரண்டு நிமிடம் மட்டும் கூட்டுங்கள். பன்னிரண்டு வாரங்களில் அரை மணி நேரத்தை எட்டுவீர்கள். பின்னர் வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் ஓட்டினால், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்த அளவான 150 நிமிடம் நிறைவேறுகிறது. நல்ல நாளிலும் திட்டத்தை மீற வேண்டா. இலேசான வலியுள்ள நாளிலும் கைவிட வேண்டா.

ஓட்டும்போது வலி சற்றுக் கூடுவது இயல்பு. மறுநாள் காலைக்குள் அது வழக்கமான அளவுக்குத் திரும்பிவிட்டால், அந்த அளவு உங்களுக்குப் பாதுகாப்பானது. திரும்பாவிட்டால், முந்தைய வாரத்தின் அளவுக்கு இறங்குங்கள். வலி முதுகிலிருந்து முழங்காலுக்குக் கீழே புதிதாகப் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு எங்களைக் காணுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதிக நேரம் ஓட்டுவது கூடாது. உடல் தரும் குறிப்பை அது மறைக்கிறது. தொடர்ந்து உட்கொண்டால் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் கேடு.

இடையில் ஓரிரு முறை வலி திடீரெனக் கூடும். அது தோல்வியன்று. இரண்டு நாள் ஓட்டுவதை நிறுத்தி, வீட்டுக்குள் நடமாடுங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பின்னர் பாதி அளவில் மீண்டும் தொடங்குங்கள். முழு ஓய்வு என்று படுத்துவிடாதீர்கள்.

குடும்பத்தினருக்கு

“உனக்கு எதற்கு இந்த வயதில் சைக்கிள்? நான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்” என்பது அன்பினால் வரும் சொல். ஆனால் நாள்தோறும் அதைக் கேட்பவர், தம் உடல் எதற்கும் உதவாது என்று நம்பத் தொடங்குகிறார். அதற்கு மாறாக, முதல் இரண்டு வாரம் உடன் செல்லுங்கள். நிமிடக் கணக்கை நாள்காட்டியில் குறித்துக் கொடுங்கள். “வலிக்கிறதா?” என்று மணிக்கொரு முறை கேட்பதைவிட, “இன்று எதுவரை போய் வந்தீர்கள்?” என்று கேளுங்கள்.

தொடக்கத்தில் கூறிய பெண்மணியைப் போன்றவர்கள் சில மாதங்கள் கழித்து வரும்போது, “வலி போய்விட்டதா?” என்று கேட்கிறோம். பலருடைய விடை ஏறத்தாழ இதுவே: “வலி இருக்கிறது டாக்டர், முன்பைவிடக் குறைவு. ஆனால் கடைக்கு நானே போய் வருகிறேன்.” அனைவருக்கும் வலியை முற்றிலும் நீக்கித் தருவோம் என்று எங்களால் உறுதி கூற இயலாது. இந்த விடையை நோக்கி உங்களோடு சேர்ந்து உழைக்க இயலும்.

அடுத்த முறை மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வரும்போது, ஸ்கேன் படங்களோடு, இயன்றால் உங்கள் சைக்கிளையும் கொண்டு வாருங்கள். நீங்கள் அதில் அமரும் முறையைப் பார்த்து, இருக்கையின் உயரத்தையும் தொடக்க நிமிடங்களையும் எங்கள் இயன்முறை மருத்துவர்கள் உங்களோடு சேர்ந்து முடிவு செய்வார்கள்.