வேகத்தின் கதை – 9: காற்றை முந்தும் வண்டி

பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து வடக்கே தொம்லூரைக் கடந்து முருகேஷ்பாளையா பக்கம் போனால், 'விண்ட் டனல் ரோடு' என்றே ஒரு சாலை உண்டு. அங்கிருக்கும் என்.ஏ.எல். என்ற விமானவியல் ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தால் வந்த பெயர் அது. 1967 முதல் விமானங்களின் மாதிரிகளை அதில் வைத்துச் சோதிக்கிறார்கள். காற்றுத் தடையை எப்படிக் குறைப்பது என்பது அங்கே அன்றாடக் கேள்வி. உறைந்த ஏரியின் மேல் காற்றால் மட்டுமே ஓடும் வண்டியைச் செய்பவருக்கும் அதே கேள்விதான்.

பின்னாலிருந்து தள்ளும் காற்றை மட்டும் நம்பும் வண்டி காற்றின் வேகத்தைத் தாண்டாது. காற்றுக்குக் குறுக்கே ஓடும் வண்டி தாண்டும். காற்றே இல்லாத நாளிலும் சைக்கிளை வேகமாக மிதித்தால் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? அந்தக் காற்றும் வீசும் காற்றும் சேர்ந்துதான் வண்டியில் பாயாக நிற்கும் இறக்கையைத் தொடுகின்றன. வேகம் கூடக் கூட, இந்தக் கூட்டுக் காற்று முன்பக்கமாகத் திரும்பும். காற்றைப் போல் 4 மடங்கு வேகத்தில் நேர் குறுக்காக ஓடினால், அது நேர் முன்னிருந்து 14 டிகிரிதான் விலகி வரும். அப்போது இறக்கை தரும் விசையில் சிறு பங்கே வண்டியை முன்னே இழுக்கும். தடை அதற்குச் சமமாகும் இடத்தில் வேகம் கூடுவது நின்றுவிடும். எனவே பெரிய பாயைக் கட்டுவதைவிடத் தடையைக் குறைப்பதே வேகத்துக்கு வழி.

பிரிட்டிஷ் பொறியாளர் ரிச்சர்ட் ஜென்கின்ஸ் இதை உணர்ந்தவர். துணிப் பாயை விட்டுவிட்டுக் கார்பன் இழையால் விறைப்பான இறக்கை செய்தார். அதன் பின்னால் ஒரு சிறு வால். இறக்கையின் கோணத்தை அதுவே திருத்தும். சுமார் 10 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2009 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் இவன்பா வறண்ட ஏரியில் அவருடைய 'கிரீன்பேர்ட்' மணிக்கு 202.9 கி.மீ. வேகத்தைத் தொட்டது. 2022 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் உப்பு ஏரியில் நியூசிலாந்துக் குழுவுக்காகக் கிளென் ஆஷ்பி ஓட்டிய 'ஹோரோனுக்கு' அதை முறியடித்து 222.43 கி.மீ.யை எட்டியது.

இவை தரைச் சாதனைகள். பனிக்கட்டியில் சக்கரத்துக்குப் பதில் எஃகுச் சறுக்குத் தகடுகள். முன்னே வழுக்கும் அதே தகடு, பக்கவாட்டில் பனியைக் கடித்துப் பிடிக்கவும் வேண்டும். பிடி தவறினால் வண்டி சுழன்றுவிடும். பனித்தூள் படியாத, வழவழப்பான ஏரியும் பலத்த காற்றும் ஒரே நாளில் வாய்ப்பது அபூர்வம். 1938இல் விஸ்கான்சினின் வின்னபேகோ ஏரியில் ஜான் பக்ஸ்டாஃப் மணிக்கு 143 மைல், அதாவது சுமார் 230 கி.மீ., வேகத்தில் ஓடியதாகச் சொல்லப்படுவதே பனிச் சாதனையாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஜென்கின்ஸும் பனிக்கென ஒரு வடிவம் செய்தார். ஆனால் அந்த இறக்கையும் வாலும் வேறொரு பயனைத் தந்தன: அவர் தொடங்கிய செயில்ட்ரோன் நிறுவனத்தின் ஆளில்லாக் கடற்கலம் 2021இல் 'சாம்' சூறாவளிக்குள் புகுந்து படமெடுத்து அனுப்பியது.

நம் ஊரில் உறைந்த ஏரி இல்லாவிட்டால் என்ன? மழைநீர் வற்றியதும் வெள்ளை உப்பாக விரியும் கட்ச் ரண் இருக்கிறது. பந்தயக் கார் செய்யும் பெங்களூரு பொறியியல் மாணவர்களே, அடுத்த ஆண்டுத் திட்டப் பணிக்கு இந்த இறக்கை வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.