நிமிர்த்துவதா, மாற்றுவதா?

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குச் செல்லும் சாலையும், ஹாலி-எல, தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் சாலையும் வளைவுகள் மலிந்தவை. அவற்றிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் பிரியும் பாதைகளோ இன்னும் ஒடுக்கமானவை. எதிரே வரும் லொறிக்கு வழிவிட்டு ஒதுங்கும் கார் மண்மேட்டில் உரசுவதும், அதன் கதவோ மட்காடோ நெளிவதும் ஊவா மலைநாட்டில் அரியவை அல்ல. நெளிந்த தகட்டை அடித்து நிமிர்த்துவதா, அகற்றிவிட்டு வேறொன்று பூட்டுவதா? பலர் இதனை வெறும் செலவுக் கணக்காகவே கொள்வர். ஆயின், செலவை எண்ணுமுன் விடை காணவேண்டிய வினாக்கள் இரண்டு உள.

முதலாவது, அந்தத் தகடு வண்டியில் என்ன வேலை செய்கின்றது என்பது. லொறியின் அடியில் ‘சேசிஸ்’ எனப்படும் கனத்த சட்டம் உண்டு. பாரத்தை அதுவே தாங்கும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை. ஒன்றோடொன்று வெல்டிங் செய்து இணைத்த தகடுகளின் கூடே பாரம் சுமக்கின்றது. பொனெட், கதவின் வெளித்தகடு, முன் மட்காட் ஆகியவை பெரும்பாலும் போர்வை போன்றவை. கதவின் கீழ் நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற அடித்தகடும், கூரையைத் தாங்கும் தூண்களும் எலும்பு போன்றவை. போர்வையில் நேரும் பிழை அழகைக் கெடுக்கும். எலும்பில் நேரும் பிழை உயிருக்கே கேடாகலாம்.

இரண்டாவது, உலோகத்தின் நிலை. சிறிதளவு வளைந்த உருக்கு தானே மீளும் இயல்புடையது. அந்த எல்லையைக் கடந்தால் நெளிவு நிலைத்துவிடும். கூர்மையாக மடிந்த இடமோ இறுகி விறைத்துவிடும். அகன்ற, ஆழமில்லாத குழியில் உலோகம் பெரிதும் நீண்டிராது. ஆதலால், உட்புறம் இரும்புக் கட்டியொன்றைத் தாங்கலாகப் பிடித்து, வெளிப்புறம் சுத்தியலால் மெல்லத் தட்டித் தேர்ந்த தொழிலாளி அதனைப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவார். மடிப்பு விழுந்து, ஓரம் கிழிந்து, உலோகம் நீண்டுவிட்ட தகட்டிலோ உழைப்பு மிகும், பயன் குறையும். துரு தின்று துளைபட்ட தகட்டை நிமிர்த்துவது என்பதே இல்லை; கெட்ட பகுதியை வெட்டி நல்ல தகடு பொருத்தவேண்டும், அன்றேல் முழுவதையும் மாற்றவேண்டும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை மிகும் பதுளைப் பகுதியில் நாள் கடத்துவதும் ஆபத்தே. வர்ணம் வெடித்த சிறு குழியிலும் நீர் தங்கித் துருவேறும். குழியைப் பட்டியால் நிரப்பி மறைப்பது மருந்தாகாது. பட்டி, மேற்பரப்பைச் சமப்படுத்தும் மெல்லிய பூச்சாகவே இருத்தல் வேண்டும். அது தடித்துவிட்டால், தோட்டப் பாதையின் அதிர்வில் வெடித்து நீருக்கு வழிவிடும். பழைய கார் வாங்குவோர் சிறு காந்தமொன்றைத் துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பார்க்கலாம். உருக்கைப் பற்றும் காந்தம், தடித்த பட்டி உள்ள இடத்தில் பிடி தளரும். பிளாஸ்டிக், அலுமினியம் ஆகியவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

இவற்றுக்குப் பின்னரே செலவுக் கணக்கு. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் காரின் மட்காட்கள் திருகாணிகளால் பூட்டப்பட்டவை. கழற்றி மாற்றுவது எளிது. பிற்காலக் கார்கள் பலவற்றின் பின்பக்கத் தகடு கூட்டோடு வெல்டிங் செய்யப்பட்டது; அதனை மாற்றக் கூட்டையே வெட்டவேண்டும். அங்கே சாதாரணக் குழியை நிமிர்த்துவதே நன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, உள்ள வண்டியைப் பேணுவது இலங்கையில் பலருக்குக் கட்டாயமாயிற்று. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கதவு வாங்குவோர், அதன் விலையோடு பதுளைக்குக் கொணரும் கூலியையும் வர்ணச் செலவையும் கூட்டியே ஒப்பிடவேண்டும்.

புதிய கார்களின் தூண்கள் சில மிகுவலிவுள்ள உருக்கினால் ஆனவை. அவற்றைச் சூடாக்கி நிமிர்த்தினால் வலிவு குன்றும். தயாரிப்பாளர் விதித்த முறையே அங்கு வழி.

எந்த வேலையாயினும், வர்ணம் பூசுமுன் வெறுந்தகட்டைக் காட்டுமாறு கராஜில் கேட்பது உரிமையாளரின் கடமை. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி மலைச்சாலையில் இறங்கும் வான் ஒன்றின் அடித்தகடு துருவேறியிருக்குமாயின், மேலே பூசிய பளபளப்பு அப்பிள்ளைகளைக் காக்காது.